நூறு ரூபாய்க்குப் பால்மா

2022ஆம் ஆண்டு என்றால் பலருக்கும் காலிமுகத்திடல் போராட்டமும், ஜூலை 9ஆம் திகதி சனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்த காட்சியும்தான் கண்ணுக்கு முன்னால் வரும். எனக்கு வருவது யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினி. நான் ஆசிரியை. கணவர் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். இரண்டு பிள்ளைகள், கூடவே என் அம்மா. இரண்டு அரச சம்பளம் வருகிற வீட்டை ஊரில் குறைவில்லாத வீடு என்பார்கள். அப்படியான ஒரு வீட்டுக்குள் விலைவாசி எந்த வழியால் நுழைந்தது, எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனது, எதை இன்னமும் திருப்பித் தரவில்லை என்பதை மறப்பதற்கு முன் எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். போராட்டத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். குசினியைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு.

முதலில் கைவைத்தது கேஸில். 2021 ஒக்டோபரில் பால்மா, கேஸ், கோதுமை மா, சீமெந்து ஆகியவற்றுக்கு இருந்த விலைக் கட்டுப்பாட்டை அரசாங்கம் நீக்கியது. அதுவரை 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் அந்த மாதமே 2,675 ரூபாயானது. அது கொழும்பு விலை. யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிவருகிற கூலியும் சேர, நாங்கள் கொடுத்தது அதைவிடக் கூட. ஆண்டு முடிவில் அங்கங்கே கேஸ் அடுப்பு வெடித்த செய்திகள் வந்தன. சிலிண்டரைக் குசினிக்கு வெளியே தூக்கி வைத்தோம். பிறகு சிலிண்டரே வரவில்லை. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டி வரிசையில் வைத்துவிட்டுச் சனம் தெருவோரம் படுத்துக் கிடந்தது. 2022 ஏப்ரல் கடைசியில் விலை 4,860 ரூபாய்.

அம்மா அதற்கு முன்னமே கோடிப்புறத்தில் கிடந்த பழைய அடுப்பை மெழுகிவிட்டா. கங்குமட்டை, பாளை, பன்னாடை, தென்னமட்டை என்று வளவுக்குள் கிடந்ததெல்லாம் கூட்டி அடுக்கியாயிற்று. “கேஸ் தொண்ணூற்றாறுக்குப் பிறகு வந்ததுதானே பிள்ளை. அதுக்கு முதல் நாங்கள் சமைச்சுச் சாப்பிடேல்லையோ?” என்றா. சாப்பிட்டோம்தான். ஆனால் அன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. நான் ஏழரை மணிக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டியவள். விறகடுப்பில் காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் முடிய வேண்டுமென்றால் நாலு மணிக்கு எழும்ப வேண்டும். மாரியில் விறகு ஈரம் என்றால் இன்னும் முந்தி. கேஸின் விலையேற்றத்தை நான் பணத்தால் கட்டவில்லை, நித்திரையால் கட்டினேன். எந்தப் பணவீக்கக் கணக்கிலும் இது வராது. என்னைப் போல எத்தனை பெண்கள் அந்த ஆண்டு முழுக்கப் பாதித் தூக்கத்தில் வேலைக்குப் போனார்கள் என்று எவரும் எண்ணவும் இல்லை.

கேஸுக்குப் பின்னால் மற்றதெல்லாம் வரிசையாக வந்தன. 2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைப் பிடித்துவைத்திருந்த கையை எடுத்தது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் அந்த மாத முடிவில் 300ஐ நெருங்கியது, மே மாதத்தில் 360 ஆனது. எங்கள் கடைகளில் இருக்கிற பருப்பு, சீனி, பால்மா, கோதுமை மா, ரின்மீன் எல்லாம் கப்பலில் வருகிறவை. டொலர் ஏறிய வேகத்தில் அவையும் ஏறின. உள்ளூரில் விளைகிறதாவது மலிவாக இருந்ததா? 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் கைவிட்டுப் போயிருந்தது. நெல்லும் மரக்கறியும் குறைந்தன. வெளியே இருந்து வருகிறதை வாங்க டொலர் இல்லை, உள்ளே விளைவதற்கு உரம் இல்லை. இரண்டும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன.

பெற்றோல் விலையை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். 2021 டிசெம்பரில் லீற்றர் 177 ரூபாய். 2022 மார்ச்சில் 254. ஏப்ரலில் 338. மே 24இல் 420. ஜூன் 26இல் 470. அந்த விலைக்கும் கிடைத்ததா என்றால் இல்லை. பெற்றோல் செட்டுக்கு முன்னால் இரண்டு மைல் வரிசை. அரச ஊழியருக்கு 2022 ஜனவரியில் தொடங்கி மாதம் 5,000 ரூபாய் கொடுப்பனவு கிடைத்தது. கணவரின் மோட்டார் சைக்கிளுக்கே அது காணாமற்போனது. மோட்டார் சைக்கிளை விறாந்தையில் ஏற்றிச் சாக்கால் மூடிவிட்டு, மகனின் சைக்கிளில் அலுவலகம் போய்வந்தார். ஜூலை கடைசியில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர்.

இனி வீட்டுக் கணக்கு. வருமானம் அப்படியே நிற்கிறது, விலைகள் ஏறுகின்றன, எங்கேயோ வெட்ட வேண்டும். எங்கே? கடதாசியை எடுத்து வைத்துக்கொண்டு நானும் அவரும் இருந்து பார்த்தோம். வீடு திருத்த எடுத்த வங்கிக் கடனைத் தொட முடியாது, சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். அம்மாவின் பிரஷர் மருந்தைத் தொட முடியாது. மந்திகை ஆசுபத்திரியில் இல்லாத மருந்தைப் பாமசியில் வாங்க வேண்டும், அதன் விலையும் ஏறியிருந்தது. மகளின் ரியூசன் காசைத் தொட முடியாது. அந்தப் பிள்ளைக்கு அந்த ஆண்டு சாதாரணதரப் பரீட்சை. மின்கட்டணத்தை வெட்டினால் அவர்கள் வயரை வெட்டிவிடுவார்கள். இப்படி ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தால் கடைசியில் மிஞ்சுகிறது ஒன்றுதான், சாப்பாடு. கடன்காரனுக்கும் மின்சார சபைக்கும் தவணை இருக்கிறது. வயிற்றுக்குத் தவணை இல்லை, அது பொறுத்துக்கொள்ளும் என்று எல்லாக் குடும்பமும் நம்பத் தொடங்கிவிடும். விலைவாசி ஏறும்போது எந்த வீட்டுக் கணக்கும் கடைசியில் சோற்றுக் கோப்பையில்தான் சரிசெய்யப்படுகிறது. அந்த ஆண்டு எனக்குத் தெளிவாக விளங்கியது இது.

வெட்டுவதற்கு ஒரு முறையும் இருந்தது. ஆட்டிறைச்சி நின்றது ஒருவருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. பாரையும் சீலாவும் நின்று சூடையும் நெத்தலியும் வந்தன. பிறகு மீன் கிழமைக்கு ஒருநாள் என்றானது. முட்டை பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் ஒன்றைப் பொரித்து இரண்டாக வெட்டி. பருப்பைத் தண்ணியாகக் கரைத்துச் சொதி போல வைத்தேன். ஒரு தேங்காயை இரண்டு நாளுக்கு ஆக்கினேன். முதற்பாலைக் கறிக்கு எடுத்து, இரண்டாம் மூன்றாம் பாலைச் சொதிக்கு விட்டு, பிழிந்த பூவையும் எறியாமல் வறுத்துச் சம்பலாக்கினேன். இதெல்லாம் பொருளில் வெட்டுவது. ஆளில் வெட்டுவதும் நடந்தது. அதை ஒருவரும் கடதாசியில் எழுதவில்லை. பால்மா 2021 செப்டெம்பரில் 400 கிராம் பக்கற் 380 ரூபாய். ஒக்டோபரில் 480. ஆண்டு முடிவில் 540. 2022 மார்ச்சில் 790. அந்த மார்ச் மாதம் ஒரு காலையில் அம்மா கோப்பையைத் திரும்ப நீட்டி, “எனக்கு இனிப் பால் வேண்டாம் பிள்ளை, வயித்துக்கு ஒத்துவருகுதில்லை. வெறுந்தேத்தண்ணி தா” என்றா. எழுபத்தைந்து வயதுவரை ஒத்துக்கொண்ட பால். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை கணவர், சீனியில்லாத பிளேன்ரீதான் உடம்புக்கு நல்லதாம் என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். எனக்குக் காரணம் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. நான் என்ன குடிக்கிறேன் என்று எவரும் பார்ப்பதில்லை.

அந்த நாட்களில்தான் எங்கள் சந்திக் கடையில் அதைக் கண்டேன். கடைக்காரத் தம்பி ஒரு கிலோப் பால்மாப் பையை வெட்டி, தேநீர்க் கரண்டியால் அள்ளி, சின்னப் பொலித்தீன் பைகளில் போட்டு, மெழுகுதிரியில் வாயை ஒட்டிக்கொண்டிருந்தான். தராசுத் தட்டில் ஒன்றை வைத்துப் பார்ப்பான், ஒரு சிட்டிகை எடுப்பான் அல்லது போடுவான். பை ஒன்று நூறு ரூபாய். நாற்பத்தைந்து கிராம் இருக்கும். கூலி வேலைக்குப் போகிற ஒரு பிள்ளை கைக்குழந்தையோடு வந்து, “அண்ணை, நூறு ரூபாய்க்குப் பால்மா” என்று வாங்கிக்கொண்டு போனாள். பிறகு ஐம்பது ரூபாய்க்கும் கட்டி வைத்தான். நானும் என் மனதுக்குள் கணக்குப் போட்டேன். 400 கிராம் பக்கற்றை மொத்தமாக வாங்கினால் கிராமுக்கு இரண்டு ரூபாய்க்கும் குறைவு. அந்தப் பிள்ளை கொடுப்பது கிராமுக்குக் கிட்டத்தட்ட இரண்டே கால் ரூபாய். 790 ரூபாயை ஒரே நேரத்தில் எடுத்து வைக்க முடியாதவள்தான் அதே பொருளுக்குக் கூட விலை கொடுக்கிறாள். தேங்காய் எண்ணெயும் அப்படியே, மருந்துப் போத்தல் மூடியால் அளந்து விற்றார்கள். தம்பியையும் குறை சொல்ல முடியாது. பொலித்தீன், மெழுகுதிரி, அவனுடைய நேரம், எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது. அவனுடைய கடன் கொப்பி முன்பு ஒன்று. அந்த ஆண்டு நாலு. தனக்குக் கடனுக்குத் தருகிற மொத்த வியாபாரி இப்போது கைக்காசு கேட்கிறான் என்று ஒருநாள் சொன்னான். “நான் எப்பிடி ரீச்சர் சனத்துக்கு இல்லையெண்டு சொல்றது? எல்லாம் தெரிஞ்ச முகங்கள்.”

யாழ்ப்பாணத்துக்குத் தட்டுப்பாடு புதிதல்ல. 1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியபோது எனக்குப் பதினாறு வயது. பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் சிக்கன விளக்கில் உயர்தரத்துக்குப் படித்த தலைமுறை நாங்கள். அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் எத்தனையோ பேர். 2022 மார்ச் முடிவில் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது அம்மா பரணில் இருந்து ஒரு ஜாம் போத்தலைத் தேடி எடுத்து மகளுக்கு முன்னால் வைத்தா. “இதைவிட மோசமானதைப் பார்த்திட்டம்” என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்கத் தொடங்கினேன். போகப் போக அது சரியில்லை என்று பட்டது.

தொண்ணூறுகளில் பொருள் இல்லை. டொக்டர் வீட்டிலும் அதே சிக்கன விளக்கு, தோட்டக்காரர் வீட்டிலும் அதே விளக்கு. சீனி இல்லையென்றால் எல்லோருக்கும் பனங்கட்டிதான். குண்டுக்குப் பயந்தோம், உயிருக்குப் பயந்தோம், அந்தப் பயத்தோடு 2022ஐ ஒப்பிடவே கூடாது. ஆனால் கடையைப் பொறுத்தவரை அது எல்லோருக்கும் பொதுவான இல்லாமை. 2022 பிற்பகுதியில் பொருட்கள் கடைக்குத் திரும்பி வந்துவிட்டன. கண்ணாடி அலுமாரிக்குள் பால்மாவும் இருந்தது, மீன் சந்தையில் பாரையும் கிடந்தது. ஒருவர் வாங்குவார், மற்றவர் பார்த்துக்கொண்டு போவார். ஒரே தெருவில் இருக்கிற இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஒரே நாளில் வேறு வேறு விதமாகச் சாப்பிட்டார்கள். தடையை எதிர்க்கலாம், ஏசலாம். விலையை ஏசி என்ன செய்வது? காசு காணாது என்பதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்திக்கொண்டது.

என் ஐயா உயிரோடு இருந்திருந்தால் இன்னொரு கதையைச் சொல்லியிருப்பார். அவர் தோட்டக்காரர். 1970களின் முற்பகுதியில், சிறிமாவோ அம்மையாரின் ஆட்சியில், மிளகாயும் வெங்காயமும் இறக்குமதி செய்வதைக் கட்டுப்படுத்தினார்கள். தெற்கில் பாணுக்கு வரிசை நின்ற காலம் அது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அதுதான் பொற்காலம். செத்தல் மிளகாய் விற்ற காசில் கல்வீடு கட்டினார்கள், நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். எங்கள் வீட்டின் முன் அறையும் மிளகாய்க் காசில் கட்டியதுதான். விலையேற்றம் எல்லோரையும் ஒரேமாதிரி அடிப்பதில்லை, விளைவிக்கிறவன் கையில் விளைச்சல் இருந்தால் அவனை அது தூக்கியும் விடும். 2022இல் எங்கள் தோட்டக்காரருக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. வெங்காயம் நல்ல விலை போனது, ஆனால் உரமில்லை, கிருமிநாசினியில்லை, தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய் இல்லை.

அந்த மண்ணெண்ணெயைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெற்றோல் விலையைத்தான் பத்திரிகைகள் பெரிதாகப் போடும். மண்ணெண்ணெய் ஏழையின் எரிபொருள் என்பதால் அதை நீண்ட காலம் மலிவாக வைத்திருந்தார்கள், கடைசியாக லீற்றர் 87 ரூபாய். 2022 ஓகஸ்ட் 22ஆம் திகதி ஒரே இரவில் 340 ரூபாய். எங்கள் வடமராட்சிக் கரையோரம் முழுக்க வெளியிணைப்பு இயந்திரப் படகுகள். அவை மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவருகிற அக்கா பருத்தித்துறைப் பக்கம். அவவின் மனுசன் கடலுக்குப் போகிறவர். “ஒருக்காப் போய்வர எண்ணெய்க்கே பிடிக்கிற மீன் சரி ரீச்சர். அதாலை இப்ப பக்கத்திலைதான் வலை போடுகினம். பக்கத்திலை மீன் இல்லை” என்றா. கூடையில் கொஞ்சம் சூடை மட்டும் கிடந்தது. அவ சொன்ன விலையைக் கேட்டு நான் பேரம் பேசவில்லை. வாங்கவும் இல்லை. மண்ணெண்ணெய் ஏறினால் படகு கரையில் நிற்கும், தோட்டத்தில் பம்ப் நிற்கும், மின்சாரமில்லாத வீட்டில் விளக்கும் நிற்கும். நாலு மடங்கு விலையை ஒரே நாளில் ஏற்றியவர்கள் அந்த மூன்று இடத்தில் ஒன்றையாவது போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அதே ஆண்டு ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். கணவர் கிணற்றடியில் மரவள்ளித் தடி ஊன்றினார், பயற்றை, கத்தரி நட்டார். நல்ல காரியம்தான். முருங்கையிலையும் பொன்னாங்காணியும் எங்களைத் தாங்கின. ஒடியற் பிட்டையும் கூழையும் பிள்ளைகள் அந்த ஆண்டுதான் விரும்பிச் சாப்பிடப் பழகினார்கள். ஆனால் மரவள்ளி கிழங்கு வைக்க எட்டு மாதம் வேண்டும். பாலும் மீனும் எந்த வளவிலும் காய்க்காது.

வெளிநாட்டுக் காசைப் பேசாமல் யாழ்ப்பாணத்து வீட்டுக் கணக்கைப் பேச முடியாது. 160 ரூபாயளவில் இருந்த கனேடிய டொலர் 280 வரை போனது. கனடாவில் இருந்து மாதம் இருநூறு டொலர் வருகிற வீட்டுக்கு விலைவாசி ஏறியது போலவே வரவும் ஏறியது. சில வீடுகளில் அந்த ஆண்டுதான் மேல்மாடி கட்டினார்கள். வெளியில் ஒருவருமில்லாத வீடுகள் தாலிக்கொடியை வங்கியில் அடைவு வைத்தன. நாங்கள் இரண்டுக்கும் இடையில் இருந்தோம். சித்தியின் மகள் லண்டனில் இருக்கிறா. ஒருநாள் தொலைபேசியில், “அக்கா, என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு உண்மையாச் சொல்லுங்கோ” என்று கேட்டா. அதுவரை எல்லோரும் “எப்படி இருக்கிறீங்கள்” என்றுதான் கேட்டார்கள். அதற்கு “இருக்கிறம்” என்று பதில் சொல்லிவிடலாம். இந்தக் கேள்விக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. அவ அனுப்பிய காசில் அம்மாவுக்கு இரண்டு மாத மருந்து வாங்கினேன். என் காப்புச் சோடி அதற்கு முன்னமே அடைவில் இருந்தது. நகையைக் கொண்டுபோனபோது வங்கியில் இருக்க இடமில்லை. பக்கத்தில் நின்ற பெண், தன் பிள்ளையின் தோட்டைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தா. 2022 மார்ச் மாதம்தான் மன்னாரில் இருந்து குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடிக்கு அண்மையில் மணல்திட்டில் போய் இறங்கின. யுத்தம் முடிந்து பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு, குண்டுக்கு அல்ல, அரிசி விலைக்குப் பயந்து போனார்கள்.

தமிழ்நாட்டில் இருந்து கப்பலில் அரிசியும் பால்மாவும் மருந்தும் வந்தன. முதற் கப்பல் சென்னையில் இருந்து மே மாதம் புறப்பட்டது. எங்கள் கிராம அலுவலர் பிரிவிலும் கொடுத்தார்கள். தமிழ்நாட்டு மக்களின் அன்பு என்று எழுதிய பையைப் பக்கத்து வீட்டு ஆச்சி அரிசி முடிந்த பிறகும் மடித்து வைத்திருந்தா. அந்த உதவியை நாங்கள் மறக்கவில்லை. இதை வாசிக்கிற தமிழ்நாட்டவர்களுக்கு அதைச் சொல்லிவைக்க விரும்புகிறேன்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுக்கு மட்டும் 94.9. அதாவது ஓராண்டுக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் 195 ரூபாய். அதன் பிறகு செய்திகள் மாறத் தொடங்கின. 2023 ஜூலையில் 6.3 சதவீதம், அந்தச் செப்டெம்பரில் 1.3 சதவீதம், 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே போனது. “பணவீக்கம் வீழ்ச்சி” என்று தொலைக்காட்சியில் சொன்ன இரவு அம்மா, “அப்ப நாளைக்குச் சாமான் மலியுமே?” என்று கேட்டா. நான் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறவள். சதவீதம் படிப்பிக்கும்போது இந்தக் கணக்கைத்தான் இப்போது கரும்பலகையில் போடுகிறேன். சாப்பாடு மட்டுமல்ல, எல்லாச் சாமானும் சேர்த்து 100 ரூபாய் ஏறக்குறைய 170 ஆனது. அதற்கு மேல் 1.3 சதவீதம் கூடினால் என்ன விலை? பிள்ளைகள் 172 ரூபாய் 21 சதம் என்று எழுதுவார்கள். பணவீக்கம் குறைந்தது என்றால் ஏறுகிற வேகம் குறைந்தது. ஏறியது பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 2021 செப்டெம்பரில் நாட்டரிசிக்கு அரசாங்கம் வைத்த உச்சவிலை கிலோ 98 ரூபாய். 2024 டிசெம்பரில் வைத்த உச்சவிலை 230 ரூபாய். அந்த இடைவெளிக்குள் மின்கட்டணத்தைச் சராசரியாக 75 சதவீதமும், பிறகு 66 சதவீதமும் ஏற்றினார்கள். பெறுமதிசேர் வரி 8இல் இருந்து 12, 15, 18 என்று போனது. சம்பளத்துக்கு 2024இல் கொடுப்பனவு கூட்டினார்கள், 2025இல் அடிப்படைச் சம்பளத்தைக் கட்டம் கட்டமாக உயர்த்தத் தொடங்கினார்கள். வரவேற்கிறேன். ஆனால் இடையில் போன மூன்று ஆண்டுகளை எந்தச் சம்பள உயர்வும் திருப்பித் தராது. அந்த மூன்று ஆண்டில் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவர்களை நான் தினமும் பார்க்கிறேன். 2022இலும் 2023இலும் காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். தண்ணீர் தெளித்து எழுப்பி, “காலமை என்ன சாப்பிட்டனி?” என்று கேட்டால் குனிந்துகொண்டு நிற்பார்கள். ஆசிரியைகள் எங்களுக்குள் காசு போட்டு அலுமாரிக்குள் பிஸ்கற் வைத்திருந்தோம். கொப்பி விலை ஏறியபோது ஒரு பையன் போன ஆண்டுக் கொப்பிகளில் எழுதாமல் விட்ட தாள்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, ஒரு கொப்பியாக்கிக் கொண்டுவந்தான். ஒரு தாள் ஒற்றை றூள், அடுத்தது சதுரக் கோடு. கேத்திரகணிதத்தைக் கோடில்லாத தாளில் அழகாக வரைந்திருந்தான். எல்லோரும் பார்க்கும்படி அவனுக்குச் சரி போட்டேன். வகுப்பில் கெட்டிக்காரன் அவன். அடுத்த தவணைக்கு வரவில்லை, தகப்பனோடு மேசன் வேலைக்குப் போகிறான் என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசினேன். “அவன் கொண்டுவாற காசிலைதான் ரீச்சர் மற்ற மூண்டும் சாப்பிடுதுகள்” என்று தாய் சொன்னா. அதற்கு மேல் நான் என்ன பேச?

இப்போது ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு கொடுக்கிறார்கள். சோறு, கீரை, பருப்பு, சில நாளில் முட்டை. அந்தச் சாப்பாடு இருக்கிற நாளில் வரவு கூடுகிறது. ஐந்தாம் வகுப்போடு பெரும்பாலும் அது நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளையின் வீட்டில் அரிசி விலை குறைந்துவிடுவதில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் வளருகிற உடம்புக்குத்தான் கூடச் சாப்பாடு வேண்டும். வீட்டில் முதலில் வெட்டு விழுவதும், படிப்பை விட்டு உழைக்கப் போவதும் அந்த வயதுப் பிள்ளைதான். அரசாங்கம் பதினோராம் வகுப்புவரை அந்தச் சாப்பாட்டைக் கொடுக்க வேண்டும். அதுவரை, வெளிநாட்டில் இருந்து தாங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கு வளைவும் மதிலும் கட்டித் தருகிற பழைய மாணவர்களிடம் கேட்கிறேன்: இந்த ஆண்டு மதிலை விடுங்கள், மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சோறு போடுங்கள்.